லீவு சம்பளம் வேற, வேலைக்குப் பாதுகாப்பு வேற

மெட்டர்னிட்டி லீவுன்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "உங்க ஆபீஸ்ல எத்தன மாசம்?" அந்த ஒரு நம்பரை வச்சுக்கிட்டு ஒண்ணுமே முடிவு பண்ண முடியாதுங்கறது என் அனுபவம். ஏன்னா இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் காசு யார் தர்றாங்க, எவ்ளோ தர்றாங்கங்கறது ஒண்ணு. நான் திரும்பி வர்றப்போ என் வேலை, அதே சம்பளத்தோட, அதே இடத்துல இருக்குமாங்கறது இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்தேதான் வரும்னு நாம நெனச்சுக்கறோம். பல நாட்டுல ரெண்டுக்கும் சட்டமே வேற, தகுதி வேற, கேக்க வேண்டிய ஆளும் வேற.

இதுக்கு அமெரிக்காதான் அப்பட்டமான உதாரணம். அங்க 1993ல வந்த எஃப்எம்எல்ஏ, அதாவது குடும்ப, மருத்துவ லீவு சட்டம், 12 வாரம் வேலையைக் காப்பாத்திக் குடுக்கும், ஹெல்த் இன்ஷூரன்ஸையும் தொடர வைக்கும், ஆனா சம்பளம்னு ஒரு பைசா அதுல கிடையாது. அதுவும் எல்லாருக்கும் இல்ல, கம்பெனியில 75 மைல் சுத்துவட்டத்துக்குள்ள 50 பேராவது இருக்கணும், நீங்க 12 மாசம் வேலை பாத்திருக்கணும், கடைசி ஒரு வருஷத்துல 1,250 மணி நேரம் ஓடியிருக்கணும். சரி காசுக்கு என்ன வழின்னா, ஆபீஸ் மூலமா ஷார்ட் டெர்ம் டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ் (உடம்பு முடியாம கொஞ்ச காலம் வேலைக்குப் போக முடியாதவங்களுக்கானது) இருந்தா அதுல இருந்து சம்பளத்துல ஒரு பங்கு வரும், இல்லன்னா கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி சொந்தமா திட்டம் வச்சிருக்கற மாநிலத்துல இருந்தா அரசாங்கத்துக்கிட்ட இருந்து வரும். ஆனா இன்ஷூரன்ஸ்காரன் காசு தர்றதாலயே உங்க வேலை பத்திரம்னு அர்த்தம் இல்ல. கலிஃபோர்னியாவுல அரசு தர்ற ஃபேமிலி லீவு பணம் கூட பணம் மட்டும்தான், வேலையைக் காப்பாத்தறதுக்கு வேற சட்டத்துக்குத்தான் போகணும். பணம் மாசாமாசம் வந்துட்டு இருக்கறப்பவே வேலை போற வாய்ப்பும் இருக்குங்கறது எவ்ளோ பேருக்குத் தெரியும்?

கனடாவுலயும் இதே கதைதான், கொஞ்சம் மரியாதையா நடக்கும், அவ்ளோதான். பணம் ஃபெடரல் அரசாங்கத்தோட ஈஐ, அதாவது எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ்ல இருந்து (கியூபெக்ல மட்டும் தனித் திட்டம்), 600 மணி நேரம் வேலை பாத்திருந்தா 15 வாரத்துக்கு சராசரி சம்பளத்துல 55 சதவீதம், அதுக்கு மேல ஒரு உச்சவரம்பும் உண்டு, அப்புறம் குழந்தையைப் பாத்துக்கற லீவுக்கான பேரண்டல் பணம் தனி. வேலையைக் காப்பாத்தறது மாகாண சட்டம். ஒண்டாரியோவுல பிரெக்னன்சி லீவு 17 வாரம், ஈஐ மெட்டர்னிட்டி பணமோ 15 வாரம், கணக்கே ஒத்துப்போகாது பாத்தீங்களா. தகுதியும் ஒண்ணு கிடையாது, லீவுக்கு டெலிவரி தேதிக்கு 13 வாரம் முன்னாடியாவது வேலையில சேர்ந்திருந்தா போதும், பணத்துக்கு அந்த 600 மணி நேரம் வேணும். பிரிட்டன்ல இன்னும் தெளிவா பிரிச்சிருப்பாங்க. 52 வார லீவு எம்ப்ளாயியா சேர்ந்த முதல் நாள்ல இருந்தே உரிமை, ஆனா கம்பெனி தர வேண்டிய சட்டப்படியான சம்பளத்துக்கு அதே இடத்துல 26 வாரம் வேலை பாத்திருக்கணும். அந்தச் சம்பளமும் 39 வாரம்தான், முதல் 6 வாரம் 90 சதவீதம், மிச்ச 33 வாரம் அரசாங்கம் வச்ச ஒரு சின்னத் தொகை. அதனால "ஒரு வருஷம் லீவு"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் ஒரு வருஷம் எடுக்கறதே இல்ல, கடைசி 13 வாரம் காசே வராதுங்கறப்போ எப்படி எடுப்பாங்க.

இந்தியாவுல பேப்பர்ல பாத்தா நல்ல சட்டம். 1961ல வந்தது, 2017 திருத்தத்துல 12 வாரம் 26 ஆச்சு, 2025 நவம்பர்ல இருந்து அதே உரிமைங்க சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள்ள போயிடுச்சு. அந்த 26ல 8 வாரம் வரைக்கும் டெலிவரிக்கு முன்னாடி எடுக்கலாம். ஏற்கனவே ரெண்டு குழந்தை இருந்தா 12 வாரம்தான். டெலிவரி தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும், அவ்ளோதான் தகுதி. ஆனா ஈஎஸ்ஐக்குள்ள (தொழிலாளருக்கான அரசு இன்ஷூரன்ஸ்) வராத பொண்ணுங்களுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுசும் கம்பெனி பாக்கெட்ல இருந்துதான் போகணும். பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. சின்ன கம்பெனிக்காரங்க கல்யாணமான பொண்ணை இன்டர்வியூல பாத்தவுடனே மனசுக்குள்ள கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பிச்சிடறாங்க. இந்தச் செலவை சமூகப் பாதுகாப்பு நிதியில இருந்தோ அரசாங்க காசுல இருந்தோதான் குடுக்கணும், தனி முதலாளி தலையில கட்டக்கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2000ல போட்ட 183ஆம் ஒப்பந்தம் பொது விதியாவே சொல்லுது, எனக்கு அது ரொம்ப சரின்னு படுது. அதே ஒப்பந்தம்தான் 14 வாரம் குறைஞ்சபட்சம், சம்பளத்துல மூணுல ரெண்டு பங்காவது, அதுல 6 வாரம் டெலிவரிக்கு அப்புறம் கட்டாயம்னும் சொல்லுது. இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா எதுவுமே அதை ஏத்துக்கல. இலங்கை 84 நாள், மலேசியா 2023ல இருந்து 98 நாள் (அதுக்கு முன்னாடி 60தான்), சிங்கப்பூர் 16 வாரம், குழந்தை சிட்டிசன் இல்லன்னா பெரும்பாலும் 12.

சரி நம்பர் போதும், உடம்புக்கு வருவோம், ஏன்னா இந்த லீவே எதுக்குங்கறதை எல்லாரும் மறந்துடறாங்க. குழந்தையைப் பாத்துக்கத்தான் லீவுன்னு நினைப்பு. குழந்தையைப் பாத்துக்க அப்பா இருக்கலாம், பாட்டி இருக்கலாம். ஆனா ரத்தம் போறது எனக்கு, தையல் எனக்கு, அதை என் சார்பா வேற யாராவது வந்து ஆத்திட்டுப் போக முடியுமா? கர்ப்பப்பை டெலிவரி ஆன உடனே ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், அது சுருங்கி நூறு கிராமுக்குக் கீழ வர்றதுக்கே ஆறு வாரம் ஆகும், நஞ்சுக்கொடி பிரிஞ்ச இடம் உள்ளுக்குள்ள ஒரு திறந்த புண், அதனாலதான் நாலஞ்சு ஆறு வாரம் வரைக்கும் ரத்தப்போக்கு இருந்துட்டே இருக்கு. எனக்கு சிசேரியன். மேல தோல் சீக்கிரமே ஒட்டிடுச்சு, பாக்கறவங்க எல்லாம் "அட நல்லா ஆறிடுச்சே"ன்னாங்க, ஆனா உள்ள இருக்கற தசை உறை பழைய பலத்துக்கு வர மாசக்கணக்கு ஆகும்னு டாக்டர் சொன்னாங்க, இருமறதுக்கும் தும்மறதுக்கும் வயித்தைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதுல ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்துக்கணும். இந்த நிலைமையில இருக்கறவங்ககிட்ட "லீவுல நல்லா ரெஸ்ட்டா?"ன்னு கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது.

அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க வழக்கமா ஒரு கணக்கு வச்சிருக்காங்க, நார்மல் டெலிவரின்னா 6 வாரம், சிசேரியன்னா 8 வாரம், அதுக்கு மேல நீங்க வேலை செய்யத் தகுதியானவங்க. அந்த ஆறு வாரம் எங்க இருந்து வந்ததுன்னா கர்ப்பப்பை பழைய அளவுக்கு வர்ற கணக்கு, ஒரு செக்கப் போற கணக்கு. உடம்பு மொத்தமும் சரியாகற கணக்கு இல்ல. அங்க இருக்கற மகப்பேறு டாக்டருங்க சங்கமே 2018ல, ஆறாவது வாரம் ஒரே ஒரு விசிட்டோட முடிக்காதீங்க, மூணு வாரத்துக்குள்ள ஒருதரம் பேசுங்க, அப்புறமும் தொடர்ந்து பாருங்க, முழு செக்கப் 12 வாரத்துக்குள்ள முடிங்கன்னு சொல்லியாச்சு. டெலிவரிக்கு அப்புறம் கூட பிபி ஏறி ஆபத்தாகலாம், தைராய்டு தாறுமாறா போகலாம். மூணு மாசம் கழிச்சு தலைமுடி கொத்துக்கொத்தா வரும், அது ஆபத்து இல்ல, ஆனா ஆபீஸுக்குக் கிளம்பற முதல் வாரத்துலயே சீப்பு முழுக்க முடியைப் பாக்கறது ஒரு மாதிரி இருக்கும்.

மனசு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்லணும். பிரசவம் ஆன பொண்ணுங்கள்ல நூத்துக்கு 13 பேர் மாதிரி மனநலப் பிரச்சனை, முக்கியமா மனச்சோர்வு (டிப்ரஷன்), அனுபவிக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முதல் ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுகை வர்றது பெரும்பாலும் தானா போயிடும், அதுக்கு மேலயும் போகல, தூங்க வாய்ப்பு கெடச்சும் தூக்கம் வரல, குழந்தை மேலயோ நம்ம மேலயோ பயங்கரமான எண்ணம் வருதுன்னா அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். பிரசவத்துக்கு அப்புறம் மனச்சோர்வு இருக்கான்னு பாக்கற எடின்பரோ ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 1987ல வந்தது, பத்தே கேள்வி, கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கற எண்ணம் வந்துச்சாங்கறது. டாக்டர் தானா குடுக்கலன்னா கேட்டு வாங்கி நிரப்புங்க. நான் இதை இங்க சொல்றதுக்கு லீவு சம்பந்தமாவே ஒரு காரணம் இருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தா இது உடம்பு சரியில்லைங்கற கணக்குலதான் வரும். இந்தியச் சட்டத்துல கர்ப்பம், டெலிவரி, குறைமாசம், இதனால வர்ற உடல்நலக் குறைவுக்கு 26 வாரத்துக்கு மேல இன்னும் ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட லீவு இருக்கு, டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். இதைக் கேக்கறவங்க ரொம்பக் கம்மி. ஏன்னா ஹெச்ஆர் இதை வாயைத் திறந்து சொல்றதில்ல. கரு கலைஞ்சு போனாலும் 6 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, அதையும் யாரும் சொல்றதில்ல, அந்த நேரத்துல நமக்கும் கேக்கத் தோணாது.

சர்டிஃபிகேட்ல என்ன எழுதியிருக்குங்கறது ரொம்ப முக்கியம். "ஓய்வு தேவை"ன்னு மொட்டையா எழுதினா ஹெச்ஆர் அதைத் தள்ளி வச்சிடுவாங்க. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், பிரசவத்தால வந்த பிரச்சனை, இந்தக் காரணத்தால வேலை செய்ய முடியாதுன்னு இருக்கணும். என்ன வியாதிங்கற விவரம் முழுசும் மேனேஜருக்குப் போக வேண்டிய அவசியம் இல்ல, அது ஹெச்ஆரோட நிக்கட்டும்.

இப்ப கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை. எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க, ரெண்டு பிரசவத்துக்கும் அங்கயே லீவு எடுத்து வந்தவங்க, அவங்க எனக்கு சொன்ன ஒரே அட்வைஸ், "மேனேஜர் நல்லவராவே இருந்தாலும் எல்லாத்தையும் மெயில்ல வாங்கு, அவர் நல்லவர்ங்கறதுக்காக அவர் அங்கயே இருப்பார்னு என்ன நிச்சயம்". எவ்ளோ கரெக்ட்டுன்னா, நான் லீவுல இருக்கறப்பவே என் மேனேஜர் வேற கம்பெனிக்குப் போயிட்டார். அவர் வாயால சொன்னது எல்லாம் அவரோடவே போச்சு, மெயில்ல இருந்தது மட்டும் நின்னுச்சு. அதனால லீவு ஆரம்பிக்கற தேதி, திரும்பி வர்ற தேதி, எவ்ளோ சம்பளம் எந்த மாசம் யார் போடுவாங்க, இன்ஷூரன்ஸ்ல குழந்தையைச் சேர்க்க கடைசி நாள் எது, நான் இப்ப பாக்கற வேலை என்னென்ன, இது அத்தனையும் ஒரே மெயில்ல எழுதி "நாம பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு அனுப்பிடுங்க. அவங்க பதிலே போடலன்னாலும் நீங்க சொன்னதுக்கு ஒரு தேதி இருக்கும். ஆபீஸ் மெயிலுக்குள்ள லீவுல நுழைய முடியாமப் போகலாம், அதனால உங்க லீவு சம்பந்தப்பட்ட கடிதத்தை மட்டும் சொந்த மெயிலுக்கும் காப்பி போட்டுக்கோங்க, கஸ்டமர் விவரம் இருக்கற எதையும் அனுப்பிடாதீங்க, அதையே காரணமா காட்டிடுவாங்க.

முன்கூட்டி சொல்ற கெடுவும் ஊருக்கு ஊர் வேற. பிரிட்டன்ல டெலிவரி வாரத்துக்கு 15 வாரம் முன்னாடி சொல்லணும், எஃப்எம்எல்ஏக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்னா 30 நாள். இந்தியாவுல முன்னாடி சொல்ல முடியாமப் போனா பிரசவத்துக்கு அப்புறமும் சொல்லலாம், சொல்லலைங்கறதுக்காக உரிமை போயிடாது. அதோட அங்க டெலிவரிக்கு முந்தின பங்கு சம்பளத்தை முன்பணமாவே தரணும், மிச்சத்தை குழந்தை பிறந்த ஆதாரம் குடுத்த 48 மணி நேரத்துக்குள்ள தரணும்னு சட்டத்துல இருக்கு. மாசாமாசம் வழக்கமான தேதிக்குப் போடறதுதான் எல்லா இடத்துலயும் பழக்கம், அதுல நஷ்டம் இல்லன்னு நானும் விட்டுடுவேன், ஆனா "நீ திரும்பி வந்து சேர்ந்தப்புறம் மொத்தமா தர்றோம்"னு சொல்ற கம்பெனிங்களும் இருக்கு, அவங்களுக்கு இந்த 48 மணி நேரத்தை ஞாபகப்படுத்தணும்.

லீவுல வர்ற ஃபோன் கால் பத்தி சொல்லியே ஆகணும். "ஒரே ஒரு டவுட்டு, ரெண்டே நிமிஷம்"னு ஆரம்பிக்கும். நான் ஒண்ணு ரெண்டுக்கு பதில் சொன்னேன், அப்புறம் ஒரு மீட்டிங்குக்கே இன்வைட் வந்துச்சு, குழந்தையை மடியில வச்சுக்கிட்டு கேமராவை ஆஃப் பண்ணிட்டு உக்காருன்னு ஐடியா வேற. இந்தியச் சட்டத்துல பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரம் முதலாளி வேலை வாங்கவும் கூடாது, அந்தப் பொண்ணு வேலை செய்யவும் கூடாது. ஜெர்மனியில எட்டு வாரம், நீங்களே விரும்பினாலும் முடியாது. பிரிட்டன்ல கட்டாயம் ரெண்டே வாரம், ஃபேக்டரின்னா நாலு. அதுக்கு அப்புறம் அங்க தொடர்புல இருக்கற நாள்னு 10 நாள் வரைக்கும் லீவு கெடாம வேலை பாக்கலாம், ரெண்டு பக்கமும் சம்மதிச்சா மட்டும், காசு பேசிக்கிட்டு. சம்மதம் இல்லாம யாரும் கூப்பிட முடியாது, ஒத்துக்கலைங்கறதுக்காக எதுவும் பண்ணவும் முடியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னா அந்த ரெண்டு நிமிஷ காலுக்கு ஒரு எண்ணிக்கையும் ஒரு விலையும் வந்துடுது. நான் கடைசியில ஹேண்ட்ஓவர் ஃபைல் லிங்கை மட்டும் திருப்பித் திருப்பி அனுப்பிட்டே இருந்தேன், தானா நின்னு போச்சு.

அப்புறம் திரும்பிப் போற நாள். என்னை யாரும் வேலையை விட்டு எடுக்கல. பதவி பேர் அதே, சம்பளம் அதே, ஆனா நான் நடத்திட்டு இருந்த டீம் வேற ஒருத்தர்கிட்ட போயிருந்துச்சு, எனக்கு ஒரு ரிப்போர்ட் தயாரிக்கற வேலை குடுத்தாங்க. "உனக்கு இப்ப லைட்டா இருக்கட்டும்னுதான்"னாங்க, அக்கறையாதான் சொன்னாங்க, அதுதான் இன்னும் எரிச்சல். வேலை போனா அது கண்ணுக்குத் தெரியும், இப்படி உள்ளீடு இல்லாம வெறும் கூடா ஆக்கி வச்சா யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது? ஆனா சட்டம் இதையும் பாக்குது. இந்தியாவுல லீவுல இருக்கறப்போ வேலையை விட்டு எடுக்கறது மட்டும் இல்ல, வேலை நிபந்தனையை அவங்களுக்குப் பாதகமா மாத்தறதும் தப்பு. பிரிட்டன்ல முதல் 26 வாரத்துக்குள்ள திரும்பினா அதே வேலை, அதுக்கு மேல போனா, அது நியாயமா சாத்தியம் இல்லாதப்போ மட்டும், நிபந்தனை குறையாத வேற பொருத்தமான வேலை தரலாம். அந்த வித்தியாசத்துக்காகவே 26ஆம் வாரம் முடியறதுக்குள்ள திரும்பறவங்க உண்டு. 2024 ஏப்ரல்ல இருந்து அங்க ஆள்குறைப்பு வந்தா, குழந்தை பிறந்து 18 மாசம் வரைக்கும், காலியா இருக்கற பொருத்தமான வேலையை முதல்ல இவங்களுக்குத்தான் குடுக்கணும்.

நான் ஹெச்ஆருக்கு எழுதின மெயில்ல கோவத்தைக் காட்டல. கிளம்பறப்போ அனுப்பின பழைய மெயிலை இணைச்சு, அதுல இருந்த வேலைப் பட்டியல்ல எது எது இப்ப என்கிட்ட இல்லன்னு எழுதி, எப்ப திரும்பி வரும்னு தேதி கேட்டேன். சட்டத்தோட பேர் ஒரே ஒருதரம்தான் வந்துச்சு, கடைசி வரியில. பாதி திரும்பி வந்துச்சு. மீதி வரல, அதுக்காக லேபர் ஆபீஸ் வரைக்கும் போற தெம்பு அப்ப எனக்கு இல்ல, இருக்கறவங்க போகணும். வேலையை விட்டே எடுத்துட்டாங்கன்னா இந்தியச் சட்டத்துல மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான் கெடு, தூக்கமில்லாத வீட்டுல 60 நாள் போறதே தெரியாது. நான் சொன்ன அந்த 183ஆம் ஒப்பந்தத்துல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், பிரசவத்துக்கும் வேலைநீக்கத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளியோட பொறுப்பு. நாம ஓடி ஓடி ஆதாரம் தேட வேண்டாம். எல்லா நாட்டுலயும் இது இருந்தா பாதி ஹெச்ஆர் நாடகம் நின்னுடும்.

தாய்ப்பால் விஷயம் சுருக்கமா. இந்தியாவுல குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் வழக்கமான பிரேக்குக்கு மேல தினம் ரெண்டு பிரேக், 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துல கிரெச் (குழந்தைக் காப்பகம்), ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பாத்துட்டு வரலாம். அமெரிக்காவுல பம்ப் பண்ண ஒரு வருஷம் வரைக்கும் நேரமும், பாத்ரூம் இல்லாத தனி இடமும் தரணும். சட்டத்துலயே பாத்ரூம் இல்லன்னு எழுத வேண்டியிருந்திருக்குன்னா முன்னாடி எங்க அனுப்பியிருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. பால் கட்டிக்கிட்டு மீட்டிங்ல உக்காந்தா காய்ச்சல் வர்ற அளவுக்குப் போகும், அதனால காலண்டர்ல அந்த நேரத்தை முதல் நாளே பிளாக் பண்ணிடுங்க, காரணம் எழுத வேண்டாம்.

அப்ரைசலையும் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும். வருஷத்துல பாதி நாள் இல்லைங்கறதை வச்சு ரேட்டிங்கை இறக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது, "வேலை பாத்த மாசத்தை மட்டும் வச்சுத்தானே மார்க்கு?"ன்னு ஒரு வரி கேட்டு பதிலை வாங்கி வச்சுக்கோங்க. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க அதுக்கும் முன்னாடி கான்ட்ராக்ட் முடியற தேதியைப் பாருங்க, லீவுக்கு நடுவுல அது முடிஞ்சா "நாங்க எடுக்கல, தானா முடிஞ்சுது"ன்னு கையை விரிப்பாங்க. இந்தியாவுல ஒரு டாக்டரோட கேஸ்ல, கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் மெட்டர்னிட்டி பணம் முழுக் காலத்துக்கும் தரணும்னு சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லியிருக்கு. வேலையைத் திரும்பத் தரணும்னு அதுல இல்ல, பணம் மட்டும்தான்.